தோள் உயரம்

ஓர் அரசாங்கத்தை எதிர்த்து எப்போது எழும்பலாம் என்று கேட்டால் படித்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. என்னிடம் ஓர் அளவு இருக்கிறது. இரத்தோட்டைக்கு மேலே, நான் படிப்பித்த தோட்டத்தில், என் மாமனாரின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து போனபோது அது எனக்குக் கிடைத்தது.

மாமனார் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். தோட்டத்தை நடத்துகிற துரையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஆள். தினமும் சாயங்காலம் அடுப்படியில் தேத்தண்ணியோடு எனக்கும் அவருக்கும் சண்டை நடக்கும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பயந்துபோய் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு அவர்களும் பழகிவிட்டார்கள். எண்பத்து மூன்றில் மாத்தளை டவுனில் தமிழர் கடைகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அரசாங்கத்தைத் தூக்கி எறிந்தால் என்ன குற்றம் என்பது என் கட்சி.

“எறி, நல்லா எறி. எறிஞ்சிட்டு அந்த எடத்துல யார வைக்கப் போற? அதச் சொல்லு டீச்சரம்மா” என்பார்.

“ஒங்க பிரஜாவுரிமைய புடுங்குனாங்க, வாக்க புடுங்குனாங்க. ஒங்களுக்கே கோவம் வராட்டி வேற யாருக்கு மாமா வரும்?”

“கோவம் இல்லேன்னு யாரு சொன்னா? கடிவாளம் வேணும்னுதான் சொல்றேன்.”

“கடிவாளத்தப் போட்டுக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்கிறோம்.”

அவர் சிரித்துவிடுவார். அவர் பேச்சை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. சில அரசாங்கங்கள் கவிழத்தான் வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் ஆயுதத்தோடு கவிழ்க்க வந்தவர்கள் கீழே இருந்த சிங்களக் கிராமங்களிலிருந்தே வந்தார்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற பிள்ளைகள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, அதைச் சொல்ல எனக்குப் பயமில்லை. ஆனால் நாள் போகப்போகக் கட்டளைகள் வரத் தொடங்கின. கடை திறக்காதே, பஸ் ஓட்டாதே, விளக்குப் போடாதே, வேலைக்குப் போகாதே. தோட்டத்தில் கொழுந்து பறித்தால்தான் அன்றைய கூலி, கூலி இருந்தால்தான் அரிசி. மாமனார் லயத்து வாசலில் நின்று, “மலைக்குப் போங்க. பட்டினி கெடந்தா எவனும் வந்து ஒலை வைக்க மாட்டான்” என்று சத்தமாகச் சொன்னார். சனம் கூடையை மாட்டிக்கொண்டு போனது. அந்தச் சொல் கீழே கிராமத்துக்கும் எட்டியது.

கொஞ்ச நாளில் மாமனார் இறந்துபோனார். யாரும் சுடவில்லை, நெஞ்சுவலி. தண்டனை பிறகுதான் வந்தது. தங்கள் கட்டளையை மீறியவர்கள் செத்தால் பெட்டி முழங்காலுக்கு மேலே உயரக் கூடாது, மேளம் கூடாது, கொடி கூடாது என்பது அவர்கள் போட்டிருந்த சட்டம். காலையிலேயே கீழ்க்கடை முதலாளி மூச்சிரைக்க ஏறிவந்து அதைச் சொன்னார். பாவம், நல்ல மனுஷன். சொல்லி முடிக்கும் வரை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்களில் ஒருவர் செத்தால் முதலில் தப்பு மேளம்தான் பேசும். அந்த அடியைக் கேட்டுத்தான் மலையில் இருப்பவர்கள் கூடையை இறக்குவார்கள். அன்றைக்கு அது பேசவில்லை. வீட்டுக்குள் என் கணவர் பிடிவாதமாக நின்றார்.

“தோள்லதான் போகணும். அப்பாவ குப்பைய தூக்குற மாதிரி தூக்க என்னால ஏலாது.”

“தூக்குனா சுடுவாங்க அண்ணே” என்றார் கொழுந்தனார்.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். ஒரே வீட்டிலிருந்து இன்னொரு பெட்டி போகக் கூடாது. மாமனாரைத் தரையோடு தரையாகக் கொண்டுபோகவும் மனம் கேட்கவில்லை. கடைசியில் என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்த்திப் பிடிக்கச் சம்மதித்தார். பெண்கள் லயத்து முனையோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். நான் நிற்கவில்லை. ஆண்கள் வாய் திறந்தால் கைகலப்பில் முடியும் என்று எனக்குத் தெரியும்.

தோட்டத்து ரோட்டில் பெட்டி எப்படியோ போனது. வளைவில் ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இறங்கினால்தான் சுடுகாடு. அங்கே சட்டம் போட்டவர்களின் ஆட்கள் இரண்டு பேர் துவக்கோடு நின்றார்கள். ஒருவனை எனக்குத் தெரியும். எங்கள் லயத்துக்குப் பலாக்காய் கொண்டுவந்து விற்கிற அம்மாவின் மகன். சின்ன வயதில் அவளோடு காய் சுமந்து வந்தவன்.

தேயிலைக்குள் பாதை என்பது ஓர் ஆள் நடக்கிற அகலம். இரண்டு பக்கமும் இடுப்பளவு செடி, மூங்கில் போல விறைத்த வாதும் கிளையும். அதற்குள் முழங்கால் உயரத்தில் பெட்டி எப்படிப் போகும்? செடிக்கு மேலே தூக்கினால்தான் உண்டு. சமதரையில் பிணம் தூக்கியவர்கள் போட்ட சட்டம் அது. முன்னால் போனவர்கள் முதல் செடியிலேயே சிக்கி நின்றார்கள்.

நான் அவனிடம் போய்ச் சிங்களத்தில், தம்பி என்று கூப்பிட்டுப் பேசினேன். “மல்லி, செடிய பாரு. தூக்க விடு.”

“சட்டம் சட்டந்தான் டீச்சர்.”

“சரி. அப்ப நீயே முழங்கால் ஒசரத்துல கொண்டு போய்க் காட்டு. நாங்க பின்னால வாறோம்.”

மற்றவன் துவக்கை உயர்த்தினான். இவன் அதைக் கையால் தாழ்த்தினான். துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு என் கொழுந்தனார் பிடித்திருந்த முனையை வாங்கினான். குனிந்து நாலு எட்டு வைத்தான், பெட்டி செடியில் மோதிச் சரிந்தது. உள்ளே மாமனார் உருண்டு பலகையில் இடிபட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. என் கணவர் கத்திவிட்டார். அந்தப் பையனின் முகம் வெளுத்துப்போனது. யாரையும் பார்க்காமல் முனையைத் தூக்கித் தன் தோளில் வைத்தான். மற்ற மூவரும் தூக்கினார்கள். தேயிலை முடியும் வரை அவன்தான் முன்னால் சுமந்தான். பிறகு ஒதுங்கி நின்று, “மேளம் மட்டும் வேணாம்” என்றான்.

அங்கே கிடைத்ததுதான் என் அளவு. ஆளுகிறவனோ ஆள வருகிறவனோ, செத்தவன் மேலே அதிகாரம் காட்டுகிறவனுக்கு உயிரோடு இருக்கிறவர்களை ஆளத் தகுதியில்லை. அவனைக் கவிழ்க்கலாம். இதை மாமனாரிடம் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பார். வைக்கட்டும், என் பதில் மாறாது.

அரசாங்கமும் அதே அளவில் தோற்றது, இன்னும் மோசமாகத் தோற்றது. சில மாதங்களில் ரோட்டோரங்களில் பிணங்களோடு டயர் புகைந்தது. பலாக்காய் அம்மாவின் மகனை ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டோம். அவள் முகாம் முகாமாக அலைந்தாள். ஒருநாள் வெறுங்கையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“அன்னைக்கு என் மகன் ஒங்க மாமாவுக்குத் தோள் குடுத்தானாமே டீச்சர். மெய்தானா?”

“மெய்தான். தேயில முடியிற வரைக்கும் அவன்தான் தூக்குனான்.”

“எந்தத் தோள்?”

“வலது தோள்.”

அவள் என் வலது தோளில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள்.

“அவனத் தூக்கவும் எங்க வீட்டுல ஆம்பளைங்க இருந்தாங்க டீச்சர்” என்றாள். “பெட்டிதான் வரல்ல.”