ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு இலை

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு பெண் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் — உங்கள் வீட்டுப் பெண்கள் சாப்பிடுவதை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பரிமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். சாப்பிடுவதை...?

எங்கள் பதுளைக் கடைக்குப் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கம்பளி வியாபாரம் உண்டு. அப்படி ஒரு தோட்டத்துக்குப் போன இடத்தில், ஆபீசில் கணக்கெழுதும் டேவிட் கிளாக்கர் என்னைச் சாப்பாட்டுக்கு மறித்துவிட்டார். அவர் வேதக்காரர், மாதாகோயிலுக்குப் போகிறவர். வீட்டில் மேசை நாற்காலி. நான் உட்கார்ந்தேன், அவர் உட்கார்ந்தார் — அவர் மனைவி கிரேஸம்மாவும் எங்களோடு உட்கார்ந்தார்!

ரயில் வந்த பிறகு பதுளைக்குக் கடல் மீன் கெடாமல் வருகிறது அல்லவா? அந்த மீன்தான் குழம்பு. கிரேஸம்மா சட்டிக்குள் கரண்டியை விட்டு, மீன் தலையை எடுத்து, யாரையும் கேட்காமல் தன் தட்டில் வைத்துக்கொண்டார். நான் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க? ருசியெல்லாம் தலையிலதான் இருக்கு. இவருக்கு முள்ளு எடுக்கத் தெரியாது" என்றார் அந்த அம்மா.

"மேசையில அவங்கதான் தொரைங்க" என்று கிளாக்கர் சிரித்தார். அவருக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. காரணம் உண்டு. என் மனைவி தெய்வானை அதற்கு முந்தின நாள்தான், "நான் ஊருக்கே போயிடுறேங்க" என்று சொல்லியிருந்தாள்.

நம்மைப் போன்ற கடைக்காரர்கள் வீட்டில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆண்கள் இங்கே கடையில், பெண்கள் ராமநாதபுரம் பக்கத்து ஊரில். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். என் அண்ணன் இருபது வருஷமாக அப்படித்தான் குடும்பம் நடத்துகிறார். நான்தான் ஒற்றைக்காலில் நின்று தெய்வானையைப் பதுளைக்கு அழைத்து வந்தேன். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் திரும்பிப் போகிறேன் என்கிறாள்.

"ஏன்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க" என்றாள். அண்ணனுக்கு உள்ளூரச் சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன்" என்று வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொன்னார். வெள்ளிக்கிழமை ரயிலில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறுவதற்கு ஊர்க்காரர் ஒருவரின் குடும்பத்தைத் துணைக்குப் பிடித்தும் வைத்துவிட்டார்.

அவள் போகவே கூடாது என்று இருந்தது எனக்கு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் — அவள் இருக்கிற ஊரில்தான் எனக்கு இருக்கப் பிடித்திருக்கிறது.

பேரம் பேசித் தோட்டத்துத் துரையையே மடக்குகிறவன் நான். ஒரு பெண்ணின் மனசைத் திருப்ப முடியாதா? முடியும் என்று முடிவு செய்தேன். டேவிட் கிளாக்கர் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள் மாலை தனியாக, எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு நல்ல சாப்பாடு. அவ்வளவுதான் திட்டம்.

ஆனால் எங்கே?

வீட்டில் நடக்காது. எங்கள் வீடு கடைக்குப் பின்கட்டு. கடை ஆட்கள் எல்லாருக்கும் அங்கேதான் தெய்வானை சமைக்கிற சாப்பாடு. ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி. வெளியூர்க்காரர் தங்குகிற வாடிவீடு இருக்கிறது — அங்கே துரைமார் முள்கரண்டியும் கத்தியுமாகச் சாப்பிடுவார்கள். நாம் போய் நின்றால், "கம்பளி பின்வாசலில் இறக்கு" என்பார்கள். பஜாரில் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் குடும்பப் பெண்ணை அங்கே உட்காரவைத்தால் மறுநாள் என்னைக் கடையில் உட்காரவிடமாட்டார்கள்.

யோசித்து யோசித்து ஸ்டேஷன் பக்கத்துக்கு வந்தேன்.

அந்தப் பக்கம் இப்போது போயிருக்கிறீர்களா? போன வருஷம் நரி ஊளையிட்ட மேட்டில் இன்றைக்கு வரிசையாகத் தகரக் கூரை. ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவர் வீடு கட்டினால் பக்கத்திலேயே ஒரு தேத்தண்ணீர்க் கடை முளைக்கிறது. யாருக்கும் யாரையும் தெரியாது. பஜாரில் தும்மினால் பத்துப் பேர் விசாரிப்பார்கள். அங்கே ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரயிலில் வருகிற சரக்கை இறக்கிவைக்க அங்கே நாங்கள் ஒரு புது வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். முன்னறையில் கம்பளிக் கட்டுகள். பின்னறை காலி, ஜன்னலைத் திறந்தால் மலை. வேறென்ன வேண்டும்?

பஜாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சுப்பையாவிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தேன். கோழிக் குழம்பு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், பாயசம். நீட்டி முழக்கினேன்.

"அம்மாவுக்கு என்னங்க புடிக்கும்? சொன்னா அதையும் செஞ்சிடலாம்" என்றார் சுப்பையா.

எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னதெல்லாம் எனக்குப் பிடித்தவை. "எல்லாம் புடிக்கும்" என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை மாலை. கோயிலுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லி, தெய்வானையைத் திரை போட்ட மாட்டுவண்டியில் முன்னால் அனுப்பினேன். சுப்பையா கடையில் அடுக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு நான் நடந்தேன். இங்கேதான் என் புத்தி கொஞ்சம் பிசகியது.

நம் பதுளையில் ஓர் ஆண்பிள்ளை கையில் அடுக்குச்சட்டியோடு நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆஸ்பத்திரி!

"என்னங்க சின்ன முதலாளி, யாருக்கு ஒடம்புக்கு முடியல?" என்றார் வெற்றிலைக் கடைக்காரர். "யாருங்க வார்டுல இருக்காங்க?" என்றார் தையற்காரர். என் மனைவியோடு தனியாகச் சாப்பிடப் போகிறேன் என்று நடுத்தெருவில் சொல்ல முடியுமா? "வீட்டுலதான்... லேசா..." என்று முனகிவிட்டு நடையைக் கட்டினேன். அதோடு விட்டது என்று நினைத்தேன்.

புது வீட்டில் தெய்வானை ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். புதுக் கம்பளி ஒன்றைப் பிரித்து விரித்தேன். இரண்டு இலை போட்டேன். எதிரெதிரே! என்ன அழகாகத் திட்டம் போட்டிருக்கிறேன் என்று எனக்கே பெருமை. ஓர் இலை முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"நீயும் உட்காரு."

"நான் உட்கார்ந்தா உங்களுக்கு யாருங்க வைக்கிறது?"

இடம் பார்த்தேன், சாப்பாடு பார்த்தேன், வண்டி பார்த்தேன். இதை யோசிக்கவே இல்லை. டேவிட் கிளாக்கர் வீட்டில் மேசை நடுவில் சட்டி இருந்தது, எட்டி எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கோ இலை என்றால் பரிமாற ஓர் ஆள் நின்றாக வேண்டும். பிறந்ததிலிருந்து நான் அந்த ஆளாக நின்றதில்லை.

எழுந்தேன். கரண்டியை வாங்கினேன். "நீ மொதல்ல சாப்பிடு. நான் வைக்கிறேன்."

"ஐயோ, வேணாங்க" என்றாள். நான் விடவில்லை. கடைசியில் கூச்சத்தோடு, சுவரைப் பார்த்து உட்காருவது போல ஒருக்களித்து உட்கார்ந்தாள். இலையை நான் நுனி வலது பக்கம் இருக்கும்படி போட்டிருந்தேன். சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டாள். உப்பு வைக்காமல் நேரே சோற்றைக் கொட்டினேன். அப்பளத்தை ரசத்துக்குள் போட்டேன். "கடையில தெனமும் எத்தன பேருக்கு நான் சரக்கு எடுத்துக் காட்டுறேன்! இது ஒரு வேலையா?" என்று வீராப்பாகச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

பிறகு சாப்பிட்டாள்.

கோழியை ஓரமாக ஒதுக்கினாள். உருளைக்கிழங்கையும் அவ்வளவாகத் தொடவில்லை. ரசத்துக்கு மட்டும் மறுபடியும் மறுபடியும் கை நீட்டினாள். இன்னோர் அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டாள். என் மனைவிக்குக் கோழி பிடிக்காது! கல்யாணமாகி நாலு வருஷத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்த செய்தி இது.

இன்னொன்றும் பார்த்தேன். அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டாள். பின்னால் யாரோ துரத்துவது போல.

"மெதுவா சாப்பிடேன். யாரு அவசரப்படுத்துறா?"

"பழகிருச்சுங்க. பாதியில யாராவது கூப்பிடுவாங்க."

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். அவளே சொன்னாள், இலையைப் பார்த்தபடி. "இங்க வந்ததுலேர்ந்து சோறு சூடா சாப்பிட்டதில்லீங்க. கடைசிப் பந்தி முடியறப்ப ஆறிப்போயிரும். கொழம்புல காய் இருக்காது. சில நாளு கொழம்பே இருக்காது. ஊர்ல எங்கம்மா வீட்டுல அப்படி இல்ல."

"இதுக்கா போறேன்னு சொன்ன?"

"ஆமாங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லாரும் வயிறு நெறஞ்சு எந்திரிக்கிறீங்க. எனக்குச் சோறு பத்தலைன்னு யாருகிட்டப் போயிச் சொல்றது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் அவள் சமைத்ததைத்தான் நான் சாப்பிட்டேன். உப்பு கூடுதல், புளி குறைவு என்று தீர்ப்பு வேறு சொன்னேன். அவள் பங்கு எங்கே என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன்!

கையில் நோயாளிக்குப் பிழிந்து கொடுக்கத் தோடம்பழப் பொட்டலம். வேர்த்து ஒழுகுகிறது. தெய்வானையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக வெற்றிலைக் கடையில் கேள்விப்பட்டு ஓடியிருக்கிறார். வார்டு வார்டாகத் தேடி, ஆள் இல்லை என்றதும் வண்டிக்காரனைப் பிடித்து விசாரித்து, இங்கே வந்து நிற்கிறார்.

எங்கள் வீட்டில் அண்ணன் உள்ளே வந்தால் பெண்கள் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அவர் முன்னால் தெய்வானை இதுவரை உட்கார்ந்ததே இல்லை. இப்போது அவள் இலை முன்னால், கையில் சோறு. நான் கரண்டியோடு நிற்கிறேன். அவள் பதறி எழப் பார்த்தாள்.

"உட்காரு" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. "யாரு வந்தாலும் நீ பாதியில எந்திரிக்க வேணாம்."

அவள் உட்கார்ந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார்.

"யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்லண்ணே. சாப்பிடுறா."

"வீட்டுல சாப்பாடு இல்லையா?"

"இல்லண்ணே. அவளுக்கு இல்ல." சொல்லிவிட்டேன். ஆறின சோறு, காய் இல்லாத குழம்பு, எல்லாவற்றையும். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அண்ணன் கம்பளிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஒங்க மதினி என்ன சாப்பிடுவான்னு எனக்கும் தெரியாதுடா" என்றார். தோடம்பழத்தைத் தெய்வானை பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் தெய்வானை கேட்டாள். "இன்னும் கொஞ்சம் ரசம் இருக்குங்களா?"

வெள்ளிக்கிழமை ரயில் போய்விட்டது. ஊர்க்காரர் குடும்பம் ஏறியது. தெய்வானை ஏறவில்லை. வியாழக்கிழமையே அது முடிவாகிவிட்டது. மத்தியானம் முதல் பந்திக்கு இலை போட்டபோது, அண்ணன் கடை ஆட்களைக் கையமர்த்தினார். "நில்லுங்கப்பா. சமைச்சவ மொதல்ல சாப்பிடட்டும்."

அண்ணன், நான், கடை ஆட்கள் என்று அத்தனை ஆம்பிளைகளும், அவள் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கும் வரை பசியோடு நின்றோம். நம்பினால் நம்புங்கள்... ஒருத்தரும் சாகவில்லை!