அப்பா நின்ற படம்

சேலத்தில் எங்கள் கூலிக்காரத் தெருவை இடித்துவிட்டு மில்லை நீட்டப் போவதாகச் சொன்னார்கள். பதிலுக்கு ஊருக்கு வெளியே ஓடு வேய்ந்த வரிசை வீடு தருவார்களாம். ஆனால் குடும்பத் தலைவன் ஊரோடு இருக்கும் குடும்பத்துக்குத்தான். அதற்குச் சாட்சியாக மில் கணக்கர் ஒரு படக்காரரைக் கூட்டிவந்து வீடு வீடாகப் படம் எடுத்தார். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய தெரு அது. வீடு என்றதும் ஆயுசைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்பா இலங்கைத் தோட்டத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு மாமா, அம்மாவின் தம்பி, காலையிலேயே தன் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டுவிட்டார். எங்கள் முறை வந்தபோது கணக்கர் புளிய மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாமா பின்பக்கமாக நுழைந்து, அப்பாவின் சட்டையையும் தலைப்பாகையையும் போட்டுக்கொண்டு எங்களோடு வாசலில் நின்றார். படக்காரருக்கு எங்கள் தெருவில் எல்லா முகமும் ஒன்றுதான். பெட்டியின் மூடியைத் திறந்ததும் அசைந்தால் படத்தில் முகம் விழாது என்று மட்டும் எல்லா வீட்டிலும் எச்சரித்துக்கொண்டே வந்தார்.

"மூடியத் தொறந்ததும் மூஞ்சிய ஆட்டிக்கிட்டே இரு சாமி," என்றாள் அம்மா மாமாவிடம், உதடு அசையாமல்.

படம் வந்தது. அம்மாவும் நானும் தெளிவாக இருந்தோம். எங்கள் பின்னால் நின்ற சட்டைக்குக் கழுத்துக்கு மேல் புகைதான் இருந்தது. அந்தப் புகை என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. கணக்கர் சலித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே, அப்பா தோட்டத்தில் செத்துப்போனதாகக் காயிதம் வந்துவிட்டது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். தாலியறுத்தவளிடம் சாவியைத் திருப்பிக் கேட்கக் கணக்கருக்கு வாய் வரவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. மாமாதான் தலையை ஆட்டி ஆட்டி அப்பாவை அழித்துவிட்டார். புது வீட்டுக் கொடியில் அந்தச் சட்டை தொங்கியது. காற்றே இல்லாத மத்தியானங்களில் அதன் கழுத்து என் பக்கம் திரும்பும். பயத்தில் நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். மாமா கையால் ஒருவாய் சோறு வாங்கித் தின்றதில்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

அம்மா காலமான பிறகுதான் மாமா சொன்னார்.

"உங்கொப்பன் செத்த காயிதம் படம் புடிக்கறதுக்கு எட்டு நாளைக்கு முந்தியே வந்துருச்சு சாமி. சாவி கைக்கு வரட்டும், அப்பறம் அழுதுக்கறேன்னா அக்கா."

அந்த நாட்களில் காலைதோறும் அம்மா பொட்டு வைத்துக்கொள்ளக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பொட்டு ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது என்று அவளைக் கேலி செய்திருக்கிறேன்.