பெரட்டு வைத்து பாஸ்கல் நடத்திய யோகா அண்ணன்

யோகா அண்ணன் போய்விட்டார்.

காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய தம்பி ஒரே ஒரு வரி போட்டிருந்தார்... "அண்ணன் விடிய எழும்பல." கொஞ்ச நாளாக இதயத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். தூக்கத்திலேயே முடிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர். நான் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கோட் எழுதுகிறவள்.

கிளாஸ் நடந்த இடம் பிள்ளைமடுவம். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம். தொட்டில் சேலைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, கீழே பாய் போட்டு உட்காருவோம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு லேப்டாப்.

ஸ்கூலில் ஏன் படிக்கவில்லை என்று கேட்காதீர்கள். ஐ.சி.டி. என்கிற கம்ப்யூட்டர் பாடத்துக்கு இருந்த டீச்சர் மாற்றலாகிப் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை. லேப் பூட்டியே கிடக்கிறது... பிள்ளைகள் தொட்டால் கம்ப்யூட்டர் பழுதாகிவிடுமாம். திறப்பு விழாப் படம் மட்டும் தூசி படாமல் மாட்டியிருக்கிறது.

முதல் நாளே எங்களுக்குள் சண்டை. எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் ஆரம்பிப்பது?

நான் பைதன் என்றேன். எழுத லேசு, உலகம் முழுக்க ஓடுகிறது, வேலை இருக்கிறது. அவர் பாஸ்கல் என்றார்.

"அண்ணே, பாஸ்கல்ல இன்னைக்கு யாருண்ணே வேல தர்றா? மியூசியத்துல வைக்கிற சாமான்."

"நீ பத்து வருஷத்துக்குப் பொறகு நடக்கிறத பேசுற தங்கச்சி. வர்ற ஓ.எல். எக்ஸாம்ல என்னா வரும்னு பேசு. பாஸ்கல்தான் வரும். அந்தா ஒக்காந்திருக்காளே வினோதா, அவகிட்டப் போயி பத்து வருஷம் பொறுன்னு சொல்லு பாப்போம்."

வினோதா பதினோராம் வகுப்பு முடிவில் ஒருமுறை ஓ.எல். பரீட்சை எழுதி, உயர்தரம் போவதற்கு ஒரே ஒரு பாடத்தில் குறைந்து நின்றவள். அந்தக் குறையை ஐ.சி.டி.யில்தான் நிரப்ப முடியும் என்று அவளே முடிவு பண்ணியிருந்தாள். இந்தத் தடவையும் விழுந்தால் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு அனுப்புவதாக அவள் அப்பா பேசி வைத்திருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கென்றே கொழும்பில் கடைகள் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன... பல்கலைக்கழகங்கள் அப்படித் திறந்து வைப்பதில்லை.

சரி, பாஸ்கல் என்று விட்டுக்கொடுத்தேன். மனதில்லாமல்தான்.

பாஸ்கலில் ப்ரோகிராம் தொடங்கும் முன்பே, எந்தெந்தப் பெயர் எந்த வகை மதிப்பைத் தாங்கும் என்று அறிவித்தாக வேண்டும். இதைப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்ற என்னால் முடியவில்லை. இரண்டு ஞாயிறு தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

மூன்றாவது ஞாயிறு யோகா அண்ணன் எல்லோரையும் வாசலில் வரிசையாக நிற்க வைத்தார். "இது பெரட்டு. பேர் குடுக்காம யாரும் மலைக்குப் போக ஏலாது. வினோதா, நீதான் கங்காணி."

காலையில் கங்காணி வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டைப் பார்க்காத பிள்ளை எங்கள் லய வீடுகளில் இல்லை. வினோதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எக்ஸ், நீ முழு எண். சும்மா நிக்காத, அஞ்ச கையில புடி. வை, நீ எழுத்து. கூட்டலுக்கெல்லாம் நீ வரக் கூடாது."

"எனக்கு என்னா வேல?" என்று கடைசியில் நின்ற சுரேஷ் கேட்டான்.

"ஒனக்கு வேலையே இல்ல. பேர் மட்டும் குடுத்துட்டு நிக்கிற. கம்ப்யூட்டர் ஒன்னயத்தான் திட்டும்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் கோபம். கிளாஸ் முடிந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இந்தப் பெரட்டுல இருந்து பிள்ளைங்கள வெளிய எடுக்கத்தானே நாம கிளாஸ் வச்சிருக்கோம்? நீங்க கிளாஸுக்குள்ளயே கொண்டாந்து வைக்கிறீங்க. அதுலயும் கங்காணி வேற!"

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "நூறு வருஷத்துக்கு மேல நம்மள வரிசையில நிப்பாட்டியிருக்கானுங்க. ஒரு எக்ஸாமுக்காவது அது ஒதவட்டுமே."

அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஒரு பிள்ளையும் அறிவிப்பில் தப்பு விடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு எழுத்தெல்லாம் பேப்பரில்தான். பரீட்சையும் பேப்பரில்தானே... ஒரு லேப்டாப் என்பது எங்களுக்குக் குறையாகவே தெரியவில்லை.

ரிசல்ட் வந்த அன்று வினோதா வீட்டுக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். ஐ.சி.டி.க்கு C. குறைந்திருந்த அந்த ஒரு பாஸ், தேவையான சித்தி, வந்துவிட்டது.

அவள் அப்பா போனையே திரும்பத் திரும்பப் பார்த்தார். "C-ன்னா நல்லதா, கெட்டதா?"

"நல்லதுங்க. மக உயர்தரம் போகலாம்," என்றார் அண்ணன்.

வினோதாவின் அப்பா வெளியே போய், தண்ணீர்ப் பீலிப் பக்கம் நின்று போன் போட்டார். எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பேசினாரோ என்னவோ.

"மொதலாளிங்களா? மக வர மாட்டாளுங்க. இல்லீங்க, அடுத்த மாசமும் வர மாட்டா. படிக்கப் போறா."

உள்ளே யோகா அண்ணன் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாஸ்கல் என்று ஒரு வார்த்தை சொல்வார், குத்திக்காட்டுவார் என்று காத்திருந்தேன். "இன்னொரு டீ குடிப்போமா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

குடித்தோம். வினோதாதான் ஊற்றித் தந்தாள்.

போயிட்டு வாங்க அண்ணே.