எல்விராவின் மாத்தே சத்தம்

எல்விரா ரோசென்வாசர் என்னை முத்தமிடாமல் வழியனுப்பியது ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை. அன்று நள்ளிரவிலிருந்து புவெனஸ் ஐரஸ் முழுவதும் கொரோனா ஊரடங்கு. அதுவரை, நான் அழுத நாளிலும் கோபித்துக்கொண்ட நாளிலும், எங்கள் ஊர் வழக்கப்படி வாசலில் கன்னத்தில் ஒரு முத்தம் தந்துதான் அனுப்புவார். அன்று முழங்கையை நீட்டினார்.

“என்ன எல்விரா, கோழி மாதிரி?”

“கொக்கரிக்காம கிளம்பு பொண்ணே. இனிமே போன்லதான்.”

எங்கள் ஊரில் மனநல மருத்துவரிடம் போகாதவரைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். டாக்ஸிக்காரர்கூட, “எங்க மனநல டாக்டர் என்ன சொல்றாருன்னா...” என்று ஆரம்பிப்பார். என் டாக்டர் எல்விரா பெயர்பெற்றவர் அல்ல. பொத்தான் கடைக்காரரின் மகள். பகலில் கடையில் நின்று மாலையில் படித்தவர். வில்யா கிரெஸ்போ பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே அவர் அறை. சாய்வுக் கட்டிலில் படுத்தால், தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் அவர் முகம் தெரியாது. நாற்காலியின் கிறீச்சும் புதினா மிட்டாய் வாசனையும் மட்டும் வரும். நான் அதிகம் பேசமாட்டேன். அப்பா இறந்த பிறகு, என்னால் பேசாமல் நிம்மதியாகக் கிடக்க முடிந்த ஒரே இடம் அது.

போனில் அது வாய்க்கவில்லை. அறைத்தோழிக்குக் கேட்காமலிருக்கக் குளியலறையில் உட்கார்ந்துகொள்வேன். நான் அமைதியானால் மறுமுனையும் அமைதி.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. ஒருநாள் வெறுத்துப்போய்ச் சொல்லிவிட்டேன்: “சுவத்துக்கிட்ட உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. நிறுத்திக்கலாம்.”

மறுமுனையில் வெந்நீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு, மாத்தே குவளையின் அடிவரை உறிஞ்சும்போது உலோகக் குழல் எழுப்பும் அந்தக் ‘கொர்ர்ர்’. மாத்தே எங்கள் ஊரின் கசப்பு மூலிகைத் தேநீர்; நெருங்கியவர்கள் ஒரே குழலில் மாறி மாறிக் குடிப்பது.

என் எதிரில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடித்திராதவர்!

“எல்விரா! மாத்தேயா குடிக்கிறீங்க?”

“ஆமா. உனக்குக் கிடையாது. ஒரே குழல்ல குடிச்சா ரெண்டு பேரையும் உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க.”

சிரித்தேன். பிறகு பேசாமல் இருந்தேன். அவ்வப்போது ‘கொர்ர்ர்’. இருக்கிறார். அந்த ஜூன் மாதக் குளிரில், ஓர் உறிஞ்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவே, அப்பாவைப் பற்றி முதன்முதலாகப் பேசினேன்.

எல்லைகள் திறந்ததும் கிளம்பிவிட்டேன். கடைசி உரையாடலும் போனில்தான். அதன் பின் எத்தனையோ ஊர்கள், எத்தனையோ வாடகைக் கட்டில்கள். எங்கே படுத்தாலும் காது அந்தச் சத்தத்தைத் தேடும்.

திரும்பி வந்து பார்த்தால் பேக்கரி இருந்தது. மேலே அவர் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் ஒரு பல் மருத்துவரின் பெயர். ‘வந்துட்டேன்’ என்று எல்விராவின் பழைய எண்ணுக்கு எழுதினேன். பதிலில்லை. வாரங்கள் போயின. எண் மாறியிருக்கும் என்று நினைத்தேன். அதைவிட மோசமானதையும் நினைத்தேன்.

நேற்று ஒரு குரல்பதிவு வந்தது. முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு வெந்நீர் ஊற்றும் சத்தம். ‘கொர்ர்ர்.’

“இருக்கேன் பொண்ணே. இப்ப நான் உன் டாக்டர் இல்ல, சும்மா ஒரு கிழவி. சர்க்கரை போடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். குழல் ஒண்ணுதான் இருக்கு. வா.”