விஸ்வநத்தம் மேடைக்கு ஒரு போங்கோ

2006, தீபாவளி முடிந்து மூன்றாவது சனிக்கிழமை. மதுரையில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விடுதி அறையில் மேசை, வாளி, தகர டிரங்கு எல்லாவற்றிலும் தட்டிக்கொண்டிருப்பவன். சின்னதும் பெரியதுமாய் ஒட்டிக்கொண்டு, கையால் தட்டும் இரட்டைக் கொட்டான போங்கோ, சொந்தமாக ஒன்று கிடையாது.

வகுப்புத் தோழன் கணேசனுக்குச் சிவகாசி. அவன் தெருவில் சேகர் அண்ணன் இன்னிசைக் குழு வைத்திருக்கிறார். அன்று மாலை ஆறரைக்குச் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, கச்சேரி அவருடையது. முந்தின நாள் போனில் சொன்னார்: "தம்பி, ஒரு பாட்டு தாரேன். நல்ல போங்கோவோட வாங்க. சத்தம் சரியில்லைன்னா பேடுல வாசிச்சுக்கிடுவோம். நீங்க கீழ உக்காந்து பந்தியைப் பாத்துக்கிடுங்க."

பேடு என்றால் ரிதம் பேடு. குச்சியால் தட்டினால் தபேலா, டோலக், போங்கோ என்று கேட்ட சத்தம் வரும். இப்போது எல்லாக் குழுக்களிலும் அதுதான். எனக்கோ முதல் மேடை. மாலைக்குள் ஒரு போங்கோ வேண்டும். கையில் இரண்டாயிரம்.

காலை ஏழு மணிக்கு மாட்டுத்தாவணி. விருதுநகருக்கு ஒன்றேகால் மணி நேரம், பதினாறு ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. முன் இருக்கையின் கம்பியில் தட்டிக்கொண்டே போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை இடம் மாறிவிட்டார்.

விருதுநகர் பஜாரில் இசைக்கருவிக் கடை ஒன்று. பள்ளிக்கூட பேண்டு டிரம்கள், ஆர்மோனியங்கள், மூலையில் ஒரே ஒரு போங்கோ. ஃபைபர் உடல், பிளாஸ்டிக் தோல், பளபளக்கும் இரும்பு வளையம். விலை 1,850. தட்டினேன். கூர்மையான சத்தம். எங்கே தட்டினாலும் அதே சத்தம். அதுதான் குறையும். நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசமே இல்லை. வளையம் தோலைவிட உயர்ந்து நிற்கிறது. பத்து நிமிடத்தில் விரல் கணுக்கள் சிவந்துவிட்டன. ஆனால் கட்டுமானம்? கடைக்காரர் விளக்கவில்லை, செய்து காட்டினார்.

"கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது. பாருங்க."

போட்டார். உண்மையிலேயே போட்டார். மாடியிலிருந்து அவருடைய அம்மாவின் குரல்: "ஏலே, கடையை ஒடைச்சுப் போட்டியாலே?"

போங்கோவுக்கு ஒரு கீறலும் இல்லை. மதியம் வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

சிவகாசிப் பேருந்தில் ஆமத்தூர். அரை மணி நேரம், ஐந்து ரூபாய். நிறுத்தத்தில் கணேசன் மொபெட்டோடு நின்றான். அவன் விசாரித்து வைத்திருந்த இரண்டாவது போங்கோ, முத்துலட்சுமி அக்காவினுடையது. அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். பகலில் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங். கல்யாண சீசனில் சேகர் அண்ணன் குழுவில் பேடு வாசிப்பவர். அதாவது நான் தேறாவிட்டால் என் பாட்டை வாசிக்கப்போகிறவரே அவர்தான்.

"இதை எனக்கு வித்துட்டா ஒங்களுக்கு ஒரு பாட்டு போயிருமேக்கா?"

"போகட்டுமே. நீங்க வாசிக்கிற நேரம் நான் டீ குடிப்பேன். மேடையில ஏறுனா எவன் டீ தாரான்?"

பலாமரம். ஆட்டுத்தோல். தூக்கினால் கை இறங்குகிறது. வளையம் தோலுக்குக் கீழேயே நின்றுவிடுவதால் உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போய் உட்காருகிறது. முழங்கால்களுக்கு நடுவே வைத்தேன். நன்றாகப் பொருந்தியது. நடுவில் ஒரு சத்தம், ஓரத்தில் வேறு, விரல் நுனிக்கு இன்னொன்று. குறைகள்: இரண்டையும் இணைக்கும் கட்டை லேசாக ஆடுகிறது, ஒரு போல்ட்டில் துரு.

பட்டாசுக் கம்பெனிகளுக்குத் தீபாவளி விடுமுறை இன்னும் முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் கூடிவிட்டார்கள். சின்னதைத் தட்டினேன். "ஊசி வெடி," என்றார் ஒருவர். பெரியதைத் தட்டினேன். "தூரத்துல போட்ட அணுகுண்டு," என்றார் மற்றவர். கேட்டுப் பழகிய காதுகள். இதைவிடச் சுருக்கமான ஒலி விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

யோசிக்கவே இல்லை. உறையோடு தொள்ளாயிரம்.

சிவகாசி வந்தபோது தூறல். கணேசன் வீட்டில் சாப்பாடு. மொபெட்டில் விஸ்வநத்தம், பத்து நிமிடம். (ஆட்டோவில் வருபவர்கள் நாற்பது ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள்.) ஐந்து மணிக்கு மண்டபம். உறையைப் பிரித்துத் தட்டினேன்.

தொப்.

சேகர் அண்ணன் தாமும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, நமுத்துப்போன வெடியைக் கொண்டாந்திருக்கீக?"

ஈரக் காற்று. தோல் தளர்ந்துவிட்டது. அவசர அவசரமாகப் போல்ட்டுகளை இரண்டிரண்டு சுற்று முறுக்கினேன். கொஞ்சம் ஏறி மறுபடி இறங்கியது. செய்தித்தாளைக் கொளுத்தி அதன் சூட்டில் தோலைக் காட்டுவார்கள் என்று தெரியும். மதுரையில் பார்த்திருக்கிறேன். பந்தலோரம் தாளைச் சுருட்டி, தீப்பெட்டியை எடுத்தேன்.

நாலு பக்கமிருந்தும் குரல். வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒருவர் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கினார். "எந்த ஊருய்யா நீங்க? அங்கன தெரியிற செவரு என்ன செவருன்னு தெரியுமா?" பட்டாசுக் கிடங்கின் சுவர். அவர் திட்டிக்கொண்டே என் தீப்பெட்டியின் லேபிளைப் பார்த்தார். "இது நம்ம ஊருதான்," என்று சொல்லித் தம் பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்தரை. இனிமேல் விருதுநகர் போய் ஃபைபரை வாங்கிவர நேரமும் இல்லை, காசும் இல்லை.

கணேசன்தான் சொன்னான்: "அப்பா பிரஸ்ல லேமினேஷன் ஓடுதுடா."

பட்டாசு ஓய்ந்தால் காலண்டர் சீசன். அச்சான அட்டை மேல் பளபளப்பான தாளை ஒட்டும் இயந்திரம். அதற்குள் சூடான உருளை. தீ இல்லை, சூடு உண்டு. பேடோடு மண்டபத்துக்கு வந்திருந்த முத்துலட்சுமி அக்காவும் எங்களோடு ஏறிக்கொண்டார். ஒரு மொபெட், மூன்று பேர், ஒரு போங்கோ. ஐந்து நிமிடம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உருளைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தோம். சாமி படக் காலண்டர்கள் ஒவ்வொன்றாகப் பளபளத்து வெளியே வந்துகொண்டிருந்தன. அக்கா அவ்வப்போது ஒரு விரலால் தட்டினார். "வரல. வரல. பொறுங்க." பெரியது பேசத் தொடங்கியது. ஆமத்தூரில் கேட்ட அதே குரல். சின்னதைத் திருப்பினோம். அதுவும் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

"போல்ட்டை முறுக்குனீகளா?" என்றார் அக்கா திடீரென்று.

"ரெண்டு சுத்து."

"அய்யய்யோ, கழத்துங்க..."

படார். தோல் குறுக்கே கிழிந்தது. இயந்திரம் ஓட்டுபவர் திரும்பிப் பார்த்தார். "வெடிக்கிற கம்பெனி அடுத்த தெருவுல இருக்கு தம்பி. இங்கன காலண்டர் மட்டுந்தான்."

அக்கா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், அழுதுவிடக் கூடாது என்பதற்காக.

மண்டபம். ஆறு மணி பத்து நிமிடம். சேகர் அண்ணன் கிழிந்த தோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பந்தி நடக்கும் பக்கம் பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன் அக்கா சொன்னார்:

"பெருச தம்பி வாசிக்கட்டும்ணே. சின்னத நான் பேடுல தாரேன்."

"ஒரு போங்கோவுக்கு ரெண்டு ஆளா? அம்புட்டு சம்பளம் யாரு கொடுக்க?"

"எனக்குத்தான் கொடுக்கீக. தம்பிக்கு எப்படியும் கெடையாது."

அவர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுபோல வராட்டி பாதியில நிப்பாட்டிருவேன்."

மூன்றாவது பாட்டு. பெரிய போங்கோ என் முழங்கால்களுக்கு நடுவே, கிழிந்தது ஒரு பக்கம் வாய் பிளந்து. முதல் வரியில் நான் முந்திவிட்டேன். சேகர் அண்ணன் பாடிக்கொண்டே முறைத்தார். நிமிர்ந்து அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தேன். அது இறங்குமுன் ஒரு மெல்லிய நிறுத்தம். அதில் என் கையை வைத்தேன். தோல். பேடு. தோல், தோல். பேடு. சரணத்தில் யார் எதை வாசிக்கிறோம் என்பதே போய்விட்டது. மாப்பிள்ளையின் நண்பர்கள் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். விரல்கள் எரிந்தன. இன்னும் எரியட்டும் என்றிருந்தது.

பாட்டு முடிந்து எழுந்தேன். சேகர் அண்ணன் மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "எங்கன போறீக? உக்காருங்க."

அன்று நான்கு பாட்டு வாசித்தேன். அக்காவுக்கு டீ கிடைக்கவில்லை.

வாங்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சத்தமும் கைக்குச் சுகமும் வேண்டுமென்றால் மரமும் தோலும்தான். மழைக்காலத்தில் வெளியூர்க் கச்சேரி என்றால் ஃபைபர்; கடைக்காரரே கீழே போட்டுக் காட்டிவிட்டார், நம்பலாம். உட்கார்ந்து பதினைந்து நிமிடமாவது வாசித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். தளர்ந்த தோலைச் சூடேற்றுவதென்றால் முதலில் போல்ட்டைத் தளர்த்துங்கள், பிறகு சூடு. இந்தப் பக்கம் போகும்போது தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சின்னதற்கு மதுரையில் புதுத்தோல் போட்டாயிற்று, நூற்றிருபது ரூபாய். நல்ல சத்தம். ஆனாலும் வாசிக்கும்போது சில இடங்களில் சின்னதின் மேல் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தை அக்கா வாசிப்பார் என்று விட்டுவிடுகிறேன்.