மிச்சத் தண்ணீர்

இடுப்பளவுத் தண்ணீரில் கைலியோடு நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் மணல் மேடு, நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் ஏரி. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. சவூதியில் நான் வயரிங் வேலை பார்த்த ஊரிலிருந்து அறைக்காரர்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போயிருந்தோம். அங்குள்ள பேரீச்சந்தோப்புகளுக்கு எந்தக் காலத்திலோ ஊற்றுகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, தோப்புக்குத் தோப்பு முறை வைத்துப் பாய்ச்சியிருக்கிறார்கள். மரங்கள் குடித்து மீந்தது வடிந்து வடிந்து பள்ளத்தில் சேர்ந்ததுதான் இந்த ஏரி என்றார் வேன் ஓட்டி வந்த மலையாளி. மிச்சத் தண்ணீரே ஏரியா! கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்த எவனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கும் எரிந்தது. ஆனாலும் முங்கி முங்கிக் குளித்தேன். வாயில் பட்டது உப்புக் கரித்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

அன்று சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டேன். தெருமுனைக் கடைக்காரர் போய் மதினியைக் கூட்டி வந்தார். மதினி என் அண்ணன் பெண்டாட்டி. குரல் கட்டிப் போயிருந்தது. "என்ன மதினி, சளியா?" என்றேன்.

"சளி இல்லய்யா. இன்னைக்கு மழைச்சோறு எடுத்தோம். அழுது அழுது தொண்ட கட்டிட்டு. அங்கன தண்ணி வசதியெல்லாம் எப்படி?"

காதுக்குள் ஏரித் தண்ணீர் இன்னும் குறுகுறுத்தது. "ஏதோ இருக்கு மதினி" என்றேன்.

மழைச்சோறு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழை பொய்த்த வருஷம் எங்கள் ஊர்ப் பெண்கள் வீடு வீடாக உப்பில்லாத கஞ்சி வாங்கி, வறண்ட கண்மாய்க்குள் உட்கார்ந்து குடிப்பார்கள். பிறகு சட்டிபானையைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஊரைவிட்டே போகிறோம் என்று ஒப்பாரி வைத்தபடி எல்லைக் கல் வரை நடப்பார்கள். பார்க்கிற வானத்துக்கு மனசு இளக வேண்டுமல்லவா? அங்கே ஆண்பிள்ளை ஒருவன் பின்னாலேயே ஓடி, "போகாதீங்க, மழை வருது, திரும்புங்க" என்று மறிக்க வேண்டும். எங்கள் ஊரில் அது கொழுந்தன்மார் வேலை. கூப்பிட ஆள் வராமல் திரும்பினால் பலிக்காது. மதினி வாக்கப்பட்டு வந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு நான்தான் ஓடினேன். கல்லைத் தாண்டப் போவதுபோல் பாவலா காட்டுவார். நான் மூச்சிரைக்க முன்னால் போய் நின்றால், "இம்புட்டு மெள்ள வாரியே, மழையும் ஒன்னய மாதிரிதான் வரும்போல" என்று கேலி வேறு.

வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அன்று நான் விளையாட்டாக, "ஊரைவிட்டுப் போறேன் மதினி, கூப்பிடுவியளா?" என்று கேட்டேன். "கூப்பிடுதேன். கூப்பிட்டா வந்துரணும்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அண்ணன் லாரி டிரைவர், பாதி நாள் வடக்கேதான். எங்கள் இரண்டு பங்கு நிலத்தையும் மதினி ஒற்றை ஆளாகப் பார்த்தார். கொஞ்ச காலம் சம்பாதித்துவிட்டு வந்து கூட நிற்பேன் என்பதுதான் பேச்சு.

சொன்னபடி கூப்பிட்டார். மழைச்சோறு எடுத்த மறு வருஷம் நல்ல மழை. நான் போன் போட்டபோது குரலில் அப்படியொரு துள்ளல். "ஏய்யா, கண்மாய் நெறஞ்சு மறுகால் பாயுது. ஈரம் காயுததுக்குள்ள வெதைக்கணும். வந்துரு." அடுத்த வருஷம் வருகிறேன் என்றேன். அடுத்த மழைக்கும் கூப்பிட்டார். அதற்கும் அடுத்த வருஷம் என்றேன். ஈரம் காத்திருக்காது, மதினி காத்திருப்பார் என்று எனக்கு நினைப்பு. அப்புறம் போனில் நலம் விசாரிப்பதோடு சரி, மழையைப் பற்றிய பேச்சையே அவர் எடுக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நான் விடுப்பில் வந்தபோது நிலம் முழுக்க வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. மதினி புதியம்புத்தூரில் தையல் வேலைக்குப் போய் அங்கேயே வீடு பிடித்திருந்தார். தேடிப் போனேன். சின்னப் பிள்ளைகளுக்கான கவுன்கள் மலையாகக் குவிந்திருக்க, நடுவே மிஷினை நிறுத்திவிட்டு ஒரு பையனிடம் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். குறையாக ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நானாகத்தான் அந்த ஏரியைப் பற்றிச் சொன்னேன், மழைச்சோறு எடுத்த அன்றைக்கே அதில் குளித்ததையும் சொன்னேன்.

"அம்புட்டும் மிச்சத் தண்ணியா!" என்று வாயைப் பிளந்தார். "நல்லா முங்கிக் குளிச்சியாய்யா?" என்றார். நிஜமாகவே ஆசையாகத்தான் கேட்டார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ஊரைவிட்டு வரும்போது வருத்தமா இருந்துச்சா மதினி?"

"வருத்தம் என்ன வருத்தம். சட்டிபானையக் கட்டித் தூக்கிக்கிட்டு வந்தேன். எல்லைக் கல்லுகிட்ட கால் தானா நின்னுட்டு. பழக்கம்லா." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கொஞ்ச நேரம் நின்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன். அதுக்குள்ள பஸ் வந்துட்டு."

விடுப்பு முடிந்து போனபின், ஒரு வெள்ளிக்கிழமை அறைக்காரர்கள் மறுபடியும் ஏரிக்குக் கிளம்பினார்கள். நானும் போனேன். தண்ணீர் அப்படியே கிடந்தது, கொஞ்சமும் வற்றவில்லை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கரையில் நின்றேன். "அண்ணாச்சி, வாங்க, வாங்க" என்று தண்ணீருக்குள்ளிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிட அங்கே அத்தனை பேர் இருந்தார்கள்.