உள்பக்கம் திறக்கும் கதவு

என் தங்கை வீட்டில் எல்லோரும் ஒரே குடத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், என்னைத் தவிர. எனக்கு மட்டும் சீல் உடைக்காத பாட்டில். ஊர் வந்த முதல் நாள் காலையில் டம்ளரை எடுத்துக்கொண்டு குடத்தை நோக்கிப் போனேன். தங்கை ஜெயா குறுக்கே வந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, பாட்டிலைக் கையில் கொடுத்தாள். திருத்தங்கலில் பிறந்து, இந்தத் தண்ணீரைக் குடித்தே கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கி, சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாகப் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அயர்லாந்துக்குப் போன பிறகு என் குடல் மட்டும் குடியுரிமை மாற்றிக்கொண்டது என்று குடும்பத்தில் எப்படியோ முடிவாகியிருக்கிறது. விருந்தினருக்கு உரிய நடைமுறை இது. நடைமுறைகளோடு நான் சண்டை போடுவதில்லை. பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

அயர்லாந்துக்கு நான் போனதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் மனைவி செவிலியர். அங்கே ஒரு மருத்துவமனை அவளை அழைத்தது. அவள் கொண்டுபோன சாமான்களில் நானும் ஒன்று. பால்பொருள்கள் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் எனக்குப் பாதுகாப்பு அலுவலர் வேலை கிடைத்தது. பட்டாசும் பாலாடைக் கட்டியும் ஒரே குடும்பம்தான் என்று அங்கே கண்டுகொண்டேன். செருப்பைக் கழற்று, தொப்பி போடு, கை கழுவு, கையெழுத்துப் போடு. என்ன, அங்கே தப்பு நடந்தால் யாருக்காவது வயிறு கெடும், அவ்வளவுதான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வெளியேறும் வழியை முதலில் பார்ப்பது நிற்கவில்லை. சர்ச்சுக்குள்கூட ஜெபம் அதற்குப் பிறகுதான்.

போன கோடையில் ஒருநாள், அங்கே சமையலறையில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது, ஜெயாவின் கணவர் செல்வராஜ் போனில் அழைத்தார். “மச்சான், ஜெயா நல்லாருக்கா” என்றார். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது நல்ல செய்தி. எங்கள் பக்கத்தில் வெடிவிபத்துச் செய்தி இப்படித்தான் தொடங்கும். முதலில் பிழைத்தவர் பெயர் வரும்.

“எந்த ரூம்?” என்று கேட்டேன்.

“பேக்கிங் ரூம். ஜெயா இருந்ததுக்கு அடுத்த ரூம். பாக்கியம் போயிட்டாக மச்சான். ஆர்டர் அவசரம்னு பின்கதவ ஒட்டி லோடு அடுக்கிருக்காக. வெளிய வர முடியல.”

பாக்கியம் ஜெயாவோடு பள்ளியில் படித்தவள். இருவரும் ஒரே வேனில் வேலைக்குப் போய் வந்தவர்கள். நான் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு மிச்சக் கிழங்கையும் சீவி முடித்தேன். துக்கம் பின்னால் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஊர்ச் செய்தி கடல் தாண்டி வரும்போது அதன் சூடு வழியிலேயே எங்கோ இறங்கிவிடுகிறது. ஆனால் பக்கத்து அறையிலேயே இருந்த ஜெயாவும் அப்படித்தான் இருக்கிறாள் என்று செல்வராஜ் அடுத்தடுத்த போன்களில் சொன்னார். அழவில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். வேலைக்கு மட்டும் போகவில்லை.

தீபாவளி முடிந்ததும் புறப்பட்டு வந்தேன். சீசன் முடிந்து கம்பெனி பூட்டியிருந்தது. வருகிற திங்கட்கிழமை பூஜை போட்டுத் திறக்கப் போகிறார்கள். பழைய சூப்பர்வைசர் என்பதால் ஜெயாவைக் கூப்பிட்டு ஆளும் அனுப்பியிருந்தார்கள். அவள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகாதே, என்னோடு வந்து இரு என்று சொல்லத்தான் நான் இத்தனை தூரம் வந்தேன். வந்த பிறகு வாய் வரவில்லை. செல்வராஜுக்கு அது புரிந்திருக்க வேண்டும். “கொடைக்கானல் போவோமா மச்சான்? மூணு பேரும் ஒரு எடத்துல உக்காந்து பேசி எம்புட்டு நாளாச்சு” என்றார்.

செல்வராஜ் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் மேற்பார்வை பார்ப்பவர். பட்டாசுக்காரர்கள் ஓய்வெடுக்கும்போது காலண்டர்காரர்களுக்குத் தலை போகிற வேலை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “ஏலே, சாமி மொகத்துல செவப்பு தூக்கலா இருந்தா கொறச்சு ஓட்டு. அதுக்கும் என்னைய கேப்பியா? மலை ஏறிக்கிட்டிருக்கேம்லே” என்று கத்தினார். அதன் பிறகு சிக்னல் போனது. சாமியின் முகம் என்னவாயிற்றோ தெரியாது. ஜெயா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். மலையைப் பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை, ஊருக்கு வெளியே ஒரு சரிவில் இருந்த சீஸ் பண்ணைக்குச் செல்வராஜ் எங்களைக் கூட்டிப் போனார். “ஒங்களுக்காகத்தான் மச்சான். அங்கன தெனமும் தின்னுட்டு, இங்கன வந்து தோசையும் சட்னியும்னா நாக்கு செத்துப் போயிரும்ல” என்றார். டன் கணக்கில் சீஸ் என் மூக்கின் வழியாகப் போன அத்தனை வருஷமும் வீட்டில் நான் தயிர்ச்சோறு தின்றேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அன்புக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. அதைத் திருத்தப் போனால் இருக்கிறதும் கெடும்.

பண்ணைக்காரர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மாடு வளர்க்க வந்தவர். “சார் அயர்லாந்தா? அப்ப உங்களுக்கு நான் என்ன சொல்லித் தரப் போறேன்!” என்று சொல்லிவிட்டு நெடுநேரம் சொல்லித் தந்தார். நீலப் பூசணம் ஓடிய ஒரு துண்டை வெட்டி எங்கள் மூவருக்கும் கொடுத்து, என் முகத்தையே பார்த்தார். “நல்ல பதம்” என்றேன். அவருக்குக் கண் கலங்கியது.

“பூசணம் பூத்தா நாங்க கீழ போடுவோம். இங்கன பலகை போட்டு வளக்காக” என்றார் செல்வராஜ்.

ஜெயா மென்று விழுங்கிவிட்டு “நல்லாருக்கு” என்றாள். சோறு, மலை, குளிர் எல்லாவற்றுக்கும் அவள் சொல்லிவந்த அதே குரல்.

பிறகு சீஸைப் பதப்படுத்தி வைக்கும் அறைக்குப் போனோம். சரிவைக் குடைந்து கட்டிய சின்ன அறை. “செருப்பு, போன் எல்லாம் வெளியவே வெச்சுடுங்க. உள்ள நாலு பேருக்கு மேல போகக்கூடாது” என்றார் பண்ணைக்காரர். நாலு பேர் என்றதும் ஜெயா நிமிர்ந்தாள். பட்டாசு அறைக்கும் அதே கணக்குதான். அவர் சொல்லாத வேலைகளையும் செய்ய ஆரம்பித்தாள். வளையலைக் கழற்றினாள். கொண்டை ஊசியை உருவினாள். சேலையில் குத்தியிருந்த பின்னை எடுத்தாள். எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து வெளியே வைத்தாள். புருஷனின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, தீப்பெட்டியை எடுத்துக் கல்மேல் வைத்தாள்.

“அதெல்லாம் வேணாம்மா, இது வெறும் சீஸ்தான்” என்று பண்ணைக்காரர் சிரித்தார்.

ஜெயா வாசலில் நின்று வலக்கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். பட்டாசு அறைகளின் வாசலில் அந்த இடத்தில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதைத் தொட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் உள்ளே போகக்கூடாது. ஒரு பொறி போதும் வெடிமருந்துக்கு. இங்கே ஈரச் சுண்ணாம்புச் சுவர்தான் இருந்தது. அவள் கை சற்று மேலே போனது, கீழே வந்தது, தேடியது. தகடு கிடைக்காமல் அவளால் உள்ளே கால் வைக்க முடியவில்லை.

“வாசனை சிலருக்கு ஒத்துக்காது” என்று பண்ணைக்காரர் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார். செல்வராஜ் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “லோ பிரஷர்” என்றேன் நான். பண்ணைக்காரர் நம்பி, உப்புப் போட்ட மோர் தரவா என்று கேட்டார். என் கிடங்கில் முதல் வருஷம் முழுவதும் குளிரறைக்குள் போகுமுன் நானும் கதவு நிலையைத் தொட்டுக்கொண்டிருந்தேன். இது உன் மதமா என்று கூட வேலை பார்த்த ஐரிஷ்காரர் ஒருவர் மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். விளக்குவதைவிட அது சுலபம்.

கடைசியில் ஜெயாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். பலகைகளில் வட்ட வட்டமாகச் சீஸ் அடுக்கியிருந்தது. பண்ணைக்காரர் கதவைச் சாத்தினார். ஜெயா திரும்பிப் பார்த்தாள். பட்டாசு அறைகளில் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், தள்ளிக்கொண்டு ஓட.

“இந்தக் கதவு ஏன் உள்பக்கமா தொறக்கு?”

“அப்படியே அமைஞ்சுடுச்சும்மா.”

“அவசரம்னா?”

“இங்க என்ன அவசரம்? ஆறு மாசம் இது சும்மா கெடக்கும்” என்றார் அவர்.

கதவை ஒட்டிக் காலி மரத்தட்டுகள் அடுக்கியிருந்தன. ஜெயா குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து எதிர்ச் சுவரோரம் வைத்தாள். செல்வராஜ் ஒரு கை கொடுத்தார். நானும் எடுத்தேன். நாங்கள் உதவும் குணமுள்ளவர்கள் என்று நினைத்துக்கொண்டு பண்ணைக்காரர் நன்றி சொன்னார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது வந்த விஷயத்தைச் சொன்னேன். “கம்பெனி வேண்டாம் ஜெயா. எங்களோட வந்து கொஞ்ச நாள் இரு.”

“அங்கன வந்து நான் என்னண்ணே செய்ய?”

“சும்மா இரு.”

“சும்மாதான் இங்கனயும் இருக்கேன்.”

“நானும் சொல்லிப் பாத்துட்டேன் மச்சான். காலண்டருக்கு வந்துரு, சாமி படம் வெடிக்காதுன்னு” என்றார் செல்வராஜ்.

“சாமி வெடிக்காது. நீங்க போன்ல வெடிப்பீக” என்றாள் ஜெயா. செல்வராஜ் தேவைக்கு மேல் சிரித்தார். கோடைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது என்று அன்று சாயந்தரம் என்னிடம் சொன்னார்.

ஜெயா சேலையில் பின்னைத் திரும்பக் குத்திக்கொண்டே பேசினாள். “பாக்கியத்தோட மருமக திங்கட்கெழம சேருதா. நா வேண்டாம்னேன், கேக்கல. பேக்கிங்தான் கெடச்சிருக்கு. ஆர்டர் வந்துட்டா கதவ ஒட்டி லோடு அடுக்குவாக. எடுங்கன்னு சொல்ல அங்கன ஒரு ஆளு நிக்கணும்ல.”

“அது ரூல்ஸ்லயே இருக்கு” என்றேன்.

“அன்னைக்கும் இருந்துச்சுண்ணே.”

ரூல்ஸ் முழுவதும் எனக்கு மனப்பாடம். கதவின் அகலம், அறைக்கு அறை இடைவெளி, எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று இப்போது எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அவளுக்குப் பதில் சொல்ல அதில் ஒரு வரி கிடைக்கவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். “தெரியலண்ணே, ஒண்ணுமே தெரியல” என்றாள். அது எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை விடியலில் அவளுடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போனேன். கம்பெனி வேன் வந்தது. ஜெயா ஏறி உட்கார்ந்தாள். உள்ளே பெண்கள் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி “வாங்கக்கா” என்றாள். பேச்சு திரும்ப ஆரம்பித்தது. நான் பையை நீட்டினேன்.

“யாருக்கா, புது போர்மேனா?” என்று கேட்டுக்கொண்டே ஓரத்தில் இருந்த பெண் சேலையை ஒதுக்கி நகர்ந்து, சீட்டைத் தட்டிக் காட்டினாள். “ஏறுங்க சார், எடம் இருக்கு.”

“எங்கண்ணன். வெளிநாட்டுல இருக்காக. அவுக வரல” என்றாள் ஜெயா.

குனிந்து பார்த்தேன். என் ஒரு கால் வேன் படியில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. அதை எடுத்துத் தெருவில் வைத்தேன். வேன் சிவகாசி ரோட்டில் திரும்பும்வரை அதன் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் நகர்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு அந்த இடம் காலியாகவே போனது.